பெயர் வெட்டிய பாத்திரம்

போன வாரம் புதுக்கோட்டைக்குப் பாத்திரம் எடுக்கப் போயிருந்தோம், நானும் என் மாமியாரும். நாத்தனார் மகளுக்குச் சடங்கு வைத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் தாய்மாமன். தாய்மாமன் சீர் என்றால் எங்கள் பக்கம் சாதாரணமில்லை. மேளத்தோடு தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். திண்ணையில் இருப்பவர்கள் தட்டை எண்ணுவார்கள். பழம், பூ, வளையல் எல்லாம் முதல் நாள் வாங்கிக்கொள்ளலாம். பாத்திரத்துக்கு மட்டும் பத்து நாள் முன்னாலேயே நாள் பார்த்து, அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல், காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கிளம்புவோம்.

அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை போகும் வழியெல்லாம் தைலமரக் காடு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து அத்தை அந்தக் காட்டைப் பார்க்கவே இல்லை. விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "அண்டா ஒண்ணு, குண்டான் மூணு, தாம்பாளம் அஞ்சு, குத்துவிளக்கு ஒரு சோடி, பித்தளையில ஒரு குடம். குடம் பித்தளையிலதான் எடுக்கணும்த்தா, எவர்சில்வர் வேணாம்." அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. முழங்கால் வலி. கோயிலுக்குக் கூப்பிட்டால்கூட "நீங்க போயிட்டு வாங்க" என்பார். பாத்திரக்கடை என்றதும் எனக்கு முன்னால் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

கடைக்குப் போய் வாங்குவதில் ஒவ்வொருவருக்கும் ஒன்று பிடிக்கும். என் தங்கைக்குச் சேலை. என் மகனுக்குச் செல்போன் கடைக் கண்ணாடி முன்னால் நின்றால் நேரம் போவதே தெரியாது. என் வீட்டுக்காரர் இரும்புக்கடையில் ஒரு ஸ்பேனரை முக்கால் மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களைப் பொறுத்தவரை, அதிலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைப் பொறுத்தவரை, பாத்திரக்கடைக்கு நிகராக எதுவும் கிடையாது. நகைக்கடையில் பயந்துகொண்டு நிற்பார்கள், கையில் இருக்கும் பணம் போதுமா என்று. ஜவுளிக்கடையில் யாருக்கு எது பிடிக்கும் என்ற கவலை. பாத்திரக்கடையில்தான் அவர்கள் வாய் திறந்து பேசுவார்கள், பேரம் பேசுவார்கள், "இதை எடு, அதை இறக்கு" என்று கடைப்பையனை வேலை வாங்குவார்கள். அது அவர்களுக்குத் தெரிந்த சாமான். வாழ்நாள் முழுக்கக் கையாண்டு, தேய்த்து, தூக்கி, சூடு பட்டுத் தெரிந்துகொண்ட சாமான்.

கீழராஜவீதிப் பக்கம் நாங்கள் வழக்கமாகப் போகும் கடை. முன்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். மேலே உத்தரத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் தூக்கும் வாளியும் தொங்கும். கேட்டதைக் கடைப்பையன் ஒரு நீளக் கம்பால் மாட்டி இறக்குவான். தரையில் குண்டான்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, பெரியது அடியில், சின்னது மேலே. புதுப் பாத்திரக்கடைக்கென்று ஒரு வாசனை உண்டு. பித்தளை மெருகு, சணல் சாக்கு, பழைய செய்தித்தாள் எல்லாம் கலந்த வாசனை.

"வாங்கத்தா, என்ன விசேஷம்?" என்றார் கடைக்காரர்.

"பேத்தி சடங்கு. நல்லதா எடுத்துப் போடுப்பா. பொண்ணு ஆயுசுக்கும் வச்சுப் பொழங்கணும்."

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் நான் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அத்தை ஒரு குண்டானை எடுத்தார். முதலில் இரண்டு கையாலும் ஏந்திக் கனம் பார்த்தார். பிறகு விளிம்பைச் சுற்றிலும் கட்டைவிரலை ஓட்டினார். விளிம்பு மடிப்புச் சரியாக இல்லையென்றால் கழுவும்போது கையை அறுக்கும், மடிப்புக்குள் தண்ணீர் தங்கிக் கறுக்கும். அப்புறம் கவிழ்த்துத் தரையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். கடைசியாக, நடுவிரலை மடக்கிப் பக்கவாட்டில் ஒரு சுண்டு. காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டார். சத்தம் இழுத்துக்கொண்டு போனால் சரி. தகரம் மாதிரி 'டப்'பென்று நின்றுவிட்டால் அந்தப் பாத்திரம் தள்ளி வைக்கப்படும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "இது மெலிசு, அடிப்பிடிக்கும்" என்று மட்டும் சொல்வார். அவர் தள்ளிவைத்த இரண்டைக் கடைக்காரரே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆத்தா சொல்றது சரிதான், இது கேஜு கம்மி" என்றார்.

கேஜ் என்பது தகட்டின் தடிமன். இதில் பலர் ஏமாறுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்: கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும். 22 கேஜைவிட 18 கேஜ்தான் தடி. எண் பெரியதாக இருந்தால் கனமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எவர்சில்வரில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. கடையில் காந்தம் வைத்துக் காட்டுவார்கள், "பாருங்க, ஒட்டலை, அசல் சரக்கு" என்று. ஒட்டாதது மட்டும் போதாது. இரும்போடு சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்ந்ததுதான் 304 என்று சொல்கிற நல்ல ரகம். நிக்கல் விலை அதிகம் என்பதால், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த 200 வரிசை ரகங்களும் விற்கின்றன. அதிலும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பளபளக்கும். உப்பும் புளியும் படப்பட, பல வருஷம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும். 2024 மார்ச்சில் மத்திய அரசு எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி உத்தரவு போட்டது. அடியைத் திருப்பி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், என்ன ரகம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கிறவர்களுக்குத்தான் நல்ல சரக்கை எடுத்து வைப்பார்கள். அத்தையின் சுண்டிப் பார்க்கும் சோதனை எனக்குக் கைவராது. அதனால் நான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

பித்தளைக் குடத்துக்கு வந்தபோது அத்தையின் முகமே மாறிவிட்டது. கடைப்பையன் இறக்கிக் கொடுத்த குடத்தை இடுப்பில் வைத்துப் பார்த்தார், தண்ணீர் தூக்குகிற மாதிரியே. அந்தக் கடையில், அத்தனை பேர் நடுவில், எழுபது வயதில். இடுப்புக்குக் குடம் பொருந்துகிறதா என்று பார்க்கிறாராம். "அது பொழங்கவா போகுது அத்தை, சீர்லதான வைக்கப் போறோம்" என்றேன். "வைக்கிறதா இருந்தாலும் பொருந்தணும்ல" என்றார்.

எங்கள் வீட்டில் பித்தளை எப்படிப் போனது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அடுப்படி முழுக்கப் பித்தளைதான். தவலை, அடுக்கு, போகணி, சருவச்சட்டி, சம்படம், தூக்கு. புளியும் சாம்பலும் போட்டு வாரம் ஒரு நாள் தேய்க்க வேண்டும். தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்தால் முற்றம் முழுக்க மஞ்சளாக இருக்கும். அம்மாவின் விரல் நகமெல்லாம் கறுத்துக் கிடக்கும். பித்தளையில் புளிக்குழம்பும் ரசமும் வைக்க முடியாது, களிம்பேறிவிடும். அதனால் உள்ளே ஈயம் பூச வேண்டும்.

ஈயம் பூசுகிறவர் தெருவுக்குள் வந்தால் பிள்ளைகள் எல்லோரும் அவரைச் சுற்றி நிற்போம். வேப்பமரத்தடியில் சின்னக் குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியால் ஊதுவார். பாத்திரத்தைக் குறடால் பிடித்துச் சுடவைத்து, நவச்சாரப் பொடியைத் தூவுவார். குபீரென்று வெள்ளைப் புகை வரும், மூக்கு எரியும். அந்தச் சூட்டிலேயே வெள்ளீயக் கட்டியை ஒரு இழுப்பு. உருகிய ஈயத்தைத் துணியால் சுழற்றித் துடைப்பார். மஞ்சளாக இருந்த உள்பக்கம் ஒரு நொடியில் நிலா மாதிரி வெளுத்துவிடும். உடனே தண்ணீரில் முக்குவார், 'சுர்ர்'ரென்று. வெள்ளீயம் உருக 232 டிகிரிச் சூடு போதும் என்பதையும், நவச்சாரம் பித்தளையின் மேல் படிந்த களிம்பை நீக்கி ஈயத்தைப் பிடிக்கச் செய்கிறது என்பதையும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது அது எனக்கு மந்திரமாகத்தான் தெரிந்தது.

அப்புறம் எவர்சில்வர் வந்தது. தேய்க்க வேண்டாம், ஈயம் வேண்டாம், கறுக்காது. தலையில் கூடையோடு பாத்திரக்காரர்கள் வந்தார்கள். பழைய பட்டுச்சேலை கொடுத்தால் ஜரிகைக்குப் பாத்திரம். பழைய பித்தளை கொடுத்தால் எடைக்கு எவர்சில்வர். எங்கள் தெருவில் பெண்கள் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஒரு நாளைக்கு இத்தனை தவலை தேய்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும். எவர்சில்வர் எங்கள் அம்மாமார்களின் முதுகை நிமிர்த்தியது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. பித்தளைக்கு எப்போதும் எடை விலை உண்டு. அவசரத்துக்கு ஒரு அண்டாவைக் கொண்டுபோய் அடகு வைத்தால் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கோ விதைநெல்லுக்கோ பணம் புரளும். என் அம்மா அப்படி ஒரே அண்டாவை மூன்று முறை அடகு வைத்து மூன்று முறை மீட்டதை நான் பார்த்திருக்கிறேன். எவர்சில்வர் அண்டாவை அடகுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். பழைய இரும்புக்குப் போட்டால் பித்தளை கொடுக்கும் விலையில் சின்னப் பங்குதான் வரும். புருஷனைக் கேட்காமல் ஒரு பெண் எடுத்துப் புழங்கக்கூடிய சொத்து அவள் அடுப்படியில்தான் இருந்தது. அது அரிசி வடிக்கும் சாமான் மட்டுமாக மாறிப்போனதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை.

என் அப்பத்தாவிடம் ஒரு பித்தளைத் தூக்கு இருந்தது. இப்போது என்னிடம் இருக்கிறது. மூடியோடு சேர்த்து ஒன்றேகால் படி பிடிக்கும். கைப்பிடியில் ஒரு வளைவு, பிடித்துப் பிடித்துத் தேய்ந்து பட்டு மாதிரி வழுவழுப்பு. அப்பத்தா சமஸ்தான காலத்து மனுஷி. புதுக்கோட்டை சமஸ்தானம் 1948 மார்ச் 3-ஆம் தேதி இந்தியாவோடு சேர்ந்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை இருந்தது. அம்மன் காசு போட்டுச் சாமான் வாங்கிய கதையெல்லாம் சொல்வார். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று போட்ட சின்னச் செப்புக்காசு அது. அப்படி நாலைந்து காசைச் சம்படத்தில் போட்டு வைத்திருந்தார்.

அந்தத் தூக்கில் பெயர் வெட்டியிருக்கிறது. அது அப்பத்தாவின் பெயர் இல்லை.

எங்கள் ஊரில் செட்டியார் வீடுகள் பல உண்டு. நகரத்தார் ஊர்களில் அரிமளமும் ஒன்று. அப்படி ஒரு வீட்டில் அப்பத்தா மாவு இடிக்கவும் நெல் புடைக்கவும் போய்க்கொண்டிருந்தார். அந்த வீட்டு ஆச்சி கொடுத்த தூக்கு அது. மூடியிலும் அடியிலும் ஆச்சியின் பெயர், முன்னால் வீட்டு விலாச எழுத்துகள். இப்போது மெஷினால் எழுதுவது போல இல்லை. சின்ன உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. விரலால் தடவினால் தட்டுப்படும். கண் தெரியாத காலத்தில் அப்பத்தா பல தூக்குகளுக்கு நடுவில் இதைத் தடவியே எடுத்துவிடுவார். பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்தக் குடும்பத்தார் இன்னும் திருவிழாவுக்கு ஊருக்கு வந்துபோகிறார்கள்.

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்புவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெண்ணுக்குக் கொடுப்பதையெல்லாம் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். வெண்கலம், பித்தளை, செம்பு, வெள்ளி, பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பாத்திரம், சுவீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் வந்த எனாமல் தூக்கு, ஜப்பான் பீங்கான். பெருமைக்காக மட்டும் இவ்வளவு கொடுக்கவில்லை, அதற்கு ஒரு கணக்கு இருந்தது. நகரத்தார் வீட்டில் அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே வளவுக்குள் இருந்தாலும், கல்யாணமாகிச் சில காலம் கழித்து ஒவ்வொரு தம்பதியையும் 'வேறு வைத்து'விடுவார்கள். வேறு அடுப்பு, வேறு சமையல், வேறு கணக்கு. ஒரு கூரைக்குக் கீழே நாலு அடுப்படி என்றால் நாலு பெண்களின் சாமான் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க வேண்டும். அதற்குப் பெயர் வெட்டு. கொடுத்த சாமானுக்கெல்லாம் சிட்டை எழுதி வைப்பதும் அதற்காகத்தான்.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று தோன்றியது. என் அப்பத்தா தலைமுறையில் ஒரு பெண்ணின் பெயர் எழுத்தில் எங்கே இருந்தது? நிலம் தாத்தா பெயரில். வீட்டு வரி ரசீது தாத்தா பெயரில். கல்யாணப் பத்திரிகையில்கூடப் பல வீடுகளில் ஆண்கள் பெயர்தான் கொட்டை எழுத்தில். பள்ளிக்கூடம் போகாததால் வருகைப் பதிவேட்டிலும் இல்லை. பாத்திரத்தில் மட்டும் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் தன் பெயர் எப்படி இருக்கும் என்று பாத்திரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அப்பத்தாவுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அந்தத் தூக்கில் இருந்த எழுத்துகள்தான். அது இன்னொரு பெண்ணின் பெயர் என்பது அவருக்கு வருத்தமாக இருந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சட்டமும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது, ரொம்ப நாள் கழித்து. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், ஒரு பெண் வைத்திருக்கும் சொத்து அவளுக்கே முழு உரிமை என்றது. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்ணுக்குக் கொடுத்த சீர் சாமான் அவளுடையது, புகுந்த வீட்டில் இருப்பதாலேயே அது கணவனுக்கோ அவன் வீட்டாருக்கோ சொந்தமாகிவிடாது, கேட்டும் கொடுக்க மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று தீர்ப்புச் சொன்னது. அதே 1985-இல் கொண்டுவந்த வரதட்சணைத் தடுப்பு விதிகள், கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கச் சொல்கின்றன. நம் பக்கத்துச் சிட்டைதான் அது. எத்தனை வீட்டில் எழுதுகிறார்கள்? நான் போன கல்யாணங்களில் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. மொய் நோட்டை மட்டும் தவறாமல் எழுதுகிறோம்.

பாத்திரத்தின் மேல் எனக்கு இருக்கும் ஆசையை மட்டும் எழுதிவிட்டு இதை முடித்தால் நான் பொய் சொன்னவளாவேன். அதே பாத்திரம் எங்கள் வீட்டில் கண்ணீரும் வரவழைத்திருக்கிறது. என் உறவில் ஒரு அக்காவின் கல்யாணத்தில், இறக்கி வைத்த சாமானை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். "பெரிய அண்டா ஒண்ணுதானா?" என்று ஒருத்தி கேட்டது பந்தலுக்குக் கேட்டது. மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னொரு அண்டா போனது, கடன் வாங்கி. அந்த அக்கா இன்றைக்கும் அந்த இரண்டாவது அண்டாவை எடுத்துப் புழங்குவதில்லை. பரண்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார். ஆசைப்பட்டு வாங்கிக் கொடுப்பது வேறு, கேட்டு வாங்குவது வேறு. கேட்டு வாங்கியதில் வெட்டிய பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு அப்பாவின் கடன்தான் ஞாபகம் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காரைக்குடிக்குப் போயிருந்தபோது முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. இடித்த வீடுகளின் தேக்குக் கதவு, தூண், கண்ணாடிப் படம், எனாமல் கிண்ணம், மரப்பெட்டி. வெளிநாட்டுக்காரர்களும் சென்னைக்காரர்களும் வந்து வாங்குகிறார்கள். அந்தத் தெருவில் நிற்கும்போது எனக்குச் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்தே வந்தது. பர்மாவை நம்பி இருந்த குடும்பங்கள். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது ஒரு முறை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். 1960-களில் அங்கே எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கியபோது மிச்சமும் போனது. இங்கே வீடு பெரிதாக இருந்தது, வருமானம் இல்லை. பங்காளிகள் பெருகினார்கள், பிள்ளைகள் வெளியூர் போனார்கள். கதவைக் கழற்றி விற்கிற நிலைமைக்கு வந்தவர்கள் பாத்திரத்தை முதலிலேயே விற்றிருப்பார்கள்.

ஒரு கடை மூலையில் தூக்குகள் குவிந்து கிடந்தன. நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பெயர். ஒன்றில் பெயரோடு தமிழ் எண்ணில் வருஷம். ஒன்றில் இரண்டு பெயர்கள். பழைய பெயரின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் புதுப் பெயர். தாய் மகளுக்குக் கொடுத்திருப்பாள் என்று நினைக்க ஆசையாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தான் எடுத்த தூக்கைக் காட்டி அந்த எழுத்து என்னவென்று சைகையில் கேட்டார். வாசித்துச் சொன்னேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார், 'ள'வும் 'ட்சி'யும் தடுமாற. அந்த ஆச்சியின் பெயரை எத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒருவர் உச்சரிக்கிறாரோ என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சரி, கீழராஜவீதிக்கு வருகிறேன்.

சாமானெல்லாம் எடுத்து, எடை போட்டு, பில் போட்டாகிவிட்டது. வாசலோரம் ஒரு தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். பேனா மாதிரி ஒரு மெஷின், 'ர்ர்ர்' என்று சத்தம். குண்டானை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கோடு போடாமல், அடித்துத் திருத்தாமல், நேராக எழுதுகிறார். எழுத்து அவ்வளவு அழகு. 'ழ'வுக்கு வால் சுழிக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். புதுப் பாத்திரத்தின் வெள்ளைத்தூள் அவர் கால்சட்டை முழுக்க.

"என்ன பேருக்கா வெட்டணும்?"

என் வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்: 'தாய்மாமன் அன்பளிப்பு' என்று போட்டு அவர் பெயரைப் போட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்குறவன் பேரு மொய் நோட்டுல இருக்கும். சட்டியில எதுக்கு? பிள்ளை பேரை வெட்டச் சொல்லு."

"அவுக கேட்டா என்னத்தை சொல்றது அத்தை?"

"நான் சொன்னேன்னு சொல்லு. எம் மகன்தான."

தம்பி பேத்தியின் பெயரைக் கேட்டார், இனிஷியல் கேட்டார். அத்தை ஒரு நிமிஷம் யோசித்தார். "இனிஷியல் வேணாம்ப்பா. நாளைக்குக் கல்யாணம் ஆனா மாறும். வெறும் பேரு போடு. அடியில வெட்டாத, தேய்ஞ்சு போயிரும். விளிம்புக்குக் கீழ, வெளிப்பக்கம்." தம்பி அப்படியே வெட்டினார். அண்டாவில் தொடங்கி, குண்டான், தாம்பாளம், கடைசியாகப் பித்தளைக் குடத்தின் கழுத்தில். குடத்தில் வெட்டும்போது மட்டும் தூள் பொன்னிறமாக உதிர்ந்தது. அத்தை அதை முந்தானையால் துடைத்துவிட்டு எழுத்தைத் தடவிப் பார்த்தார். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டி, சத்தம் போட்டு வாசித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குடத்தை மடியிலேயே வைத்திருந்தார். மேலே தட்டில் வைக்கச் சொல்லி நடத்துநர் சொன்னதற்குச் சம்மதிக்கவே இல்லை. ஊர் வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், "எனக்குப் பேரு வெட்டின சாமான் ஒண்ணுகூட எங்கம்மா வீட்ல குடுக்கலத்தா. வசதி இல்ல" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள் நான் தனியாகப் புதுக்கோட்டை போய், அதே கடையில் ஒரு சின்னப் பித்தளைச் செம்பு எடுத்து, அதே தம்பியிடம் அத்தையின் பெயரை வெட்டிக்கொண்டு வந்தேன். இப்போது அவர் அதில்தான் தண்ணீர் குடிக்கிறார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரண்மேல் பழைய பாத்திரம் கிடக்கும். வீடு மாற்றும்போதோ இடிக்கும்போதோ எடைக்குப் போடத்தான் போகிறோம், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடம் கிடையாது, எனக்கும் தெரியும். போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பாருங்கள். பெயர் இருந்தால் புளி போட்டுத் தேய்த்து வாசியுங்கள். அந்தப் பெண் உங்களுக்கு யார் என்று வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். செல்போனில் ஒரு படமாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பாத்திரத்தை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டு அன்றாடம் புழங்குங்கள். அடுத்த முறை ஒரு பெண் பிள்ளைக்குப் பாத்திரம் எடுத்தால், கொடுக்கிறவர் பெயரைப் போடாதீர்கள், அவள் பெயரை வெட்டுங்கள். நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் பெயர் வெட்டத் தனிக்காசு வாங்குவதில்லை.